கூடப் போக ஒரு டீச்சர்

ஓய்வு பெற்ற பத்திரிகைக்காரனுக்கு அதிகாலை நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடுகின்றது. பழைய பத்திரிகை நறுக்குகளை வீசவும் மனம் வருவதில்லை. முதலாவது காரணத்தினால் நான் சுபஹ் தொழுகை முடிந்ததும் ஒலுவில் துறைமுக வீதியில் நடக்கப் போகின்றேன். இரண்டாவது காரணத்தினால் இந்தப் பதிவை எழுத நேர்ந்தது.

வெளிநாடுகளில் இருந்து வாசிப்பவர்களுக்காகத் துறைமுகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்கள் கண்ட கனவு அது. அவர் 2000ஆம் ஆண்டு ஹெலிகொப்டர் விபத்தில் மறைந்தார். டென்மார்க் நாட்டின் கடனுதவியோடு கட்டப்பட்ட துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. வணிகக் கப்பல்கள் வரும் என்றார்கள். வந்தது மணல்தான். துறைமுக வாயில் மணலால் மூடிக்கொள்வதும், அதைத் தோண்டித் தாருங்கள் என்று மீனவர்கள் கேட்பதும், வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகள் வேரோடு கடலில் சாய்வதும் எங்கள் ஊரின் வரலாறாகிப் போயின. கப்பல் வராத துறைமுகத்தினால் எனக்குக் கிடைத்த இலாபம், லொறி ஓடாத அந்த வெறிச்சோடிய வீதிதான்.

அந்த இலாபத்தில் பங்கு கேட்டு வேறு சிலரும் வருகின்றார்கள். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு வருடமே பல்கலைக்கழகமான எங்கள் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அருகில்தான் இருக்கின்றது. சில காலைகளில் ஐந்தாறு மாணவிகள் அந்த வீதியில் ஓடுவார்கள். முழங்காலுக்குக் கீழே வரும் மேலங்கி, நீளக் காற்சட்டை, தலையில் இறுக்கிக் கட்டிய கறுப்பு முக்காடு, காலில் சப்பாத்து. என்னைக் கண்டதும் ஓட்டத்தை நடையாக்கிக் கொள்வார்கள். நான் கடலைப் பார்ப்பது போலப் பாவனை செய்து கடந்து செல்வேன். இப்படியே பல மாதங்கள் போயின.

ஒருநாள் அவர்களில் ஒருத்தி நின்றாள்.

“சேர், நீங்கதானே பேப்பருல எழுதுறவர்? உங்கட வீட்டுல பழைய பேப்பர் எல்லாம் இரிக்காம்.”

இறுதி வருட மாணவி. இருநூறு மீற்றர் ஓடுபவள். எங்கள் மாவட்டத்துப் பெண் பிள்ளைகளின் விளையாட்டைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதத் தொடங்கியிருக்கின்றாள். அந்தக் காலத்து மாணவிகள் எதில் கலந்துகொண்டார்கள், எங்கே வென்றார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் கிடைக்கவில்லையாம். வீட்டுக்கு வரச் சொன்னேன்.

மறு வாரம் தாயோடு வந்தாள். பெட்டிகளை இறக்கி வைத்தோம். கீழ்த்தட்டில் இருந்தவை 2004இல் கடல் நீரில் ஊறிப் பாழாகிவிட்டன. மிஞ்சிய நறுக்குகளை அவள் தரையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உதைபந்தாட்டக் கழகங்களின் கிண்ணங்கள், கிரிக்கெட் அணிகள், அமைச்சர்கள் பந்தை உதைத்து ஆட்டத்தை ஆரம்பித்து வைக்கும் படங்கள். முப்பது வருடங்கள் செய்தி அனுப்பியவன் நான். பெண் பிள்ளைகளின் விளையாட்டு என்று தேறியவை பத்துக்கும் குறைவு. அவற்றிலும் பாதி, இல்ல விளையாட்டுப் போட்டியில் பிரதம அதிதி பரிசு வழங்கும் படங்கள். அதிதியின் முகம் தெளிவாக இருக்கும். பரிசு பெறும் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். நான் எடுத்த படங்கள்தாம்.

அவற்றிடையே ஒன்று மட்டும் வேறு மாதிரியாக இருந்தது. 1982ஆம் ஆண்டு மாவட்டப் பாடசாலை மெய்வல்லுநர் போட்டி. முடிவுக் கோட்டின் நாடா ஒரு சிறுமியின் மார்பில் பட்டு அறும் கணம். முக்காடு தோளில் விழுந்து, முடி காற்றில் விரிந்து, வாய் திறந்து சிரிக்கின்றாள். படத்தின் கீழே பெயர், தகப்பனின் பெயர், தெருவின் பெயர் எல்லாம்.

“இவங்க இப்ப எங்க சேர் இரிக்காங்க?” என்று மாணவி கேட்டாள்.

“தெரியாது மகள்” என்றேன்.

அது பொய். அந்தப் பொய்யைத் தூக்கிக்கொண்டு மூன்று நாட்கள் துறைமுக வீதியில் நடந்தேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகின்றேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பழைய கெமரா ஒன்றை வாங்கியிருந்த காலம். படச்சுருளைக் கொழும்பு பஸ் நடத்துனரிடம் கொடுத்தனுப்பிவிட்டு, படம் வருமா வராதா என்று ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்தப் படம் வந்தது. மூன்று பத்தி அகலத்தில் வந்தது. என் வாழ்வில் அதுவரை அச்சான படங்களில் அதுவே பெரியது. தேநீர்க் கடையில் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தேன். அதே கடையில் அன்று மாலை அந்தப் படத்தைப் பற்றிச் சிலர் பேசிய பேச்சு என் காதுக்கு வரவில்லை. அவளுடைய தகப்பனின் காதுக்குப் போய்விட்டது.

இரண்டு நாட்களின் பின் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். சண்டை பிடிக்க வந்திருக்கின்றார் என்று நினைத்தேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. பத்திரிகையை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

“தம்பி, நீங்க கெட்ட எண்ணத்துல போடல்ல எண்டு எனக்குத் தெரியும். ஆனா எனக்கு மூணு பொம்புளப் புள்ளகள். இனி அவ ஓட மாட்டா. கொழும்புக்கு எண்டா ரெண்டு ராத்திரி தங்கோணும். கூட்டிப் போற மாஸ்டரும் ஆம்புள, பஸ் ஓட்டுறவரும் ஆம்புள. கூடப் போக ஒரு டீச்சராவது இரிக்காவா?”

அகில இலங்கைப் போட்டிக்கு அவள் போகவில்லை. அதற்கு அடுத்த வருடம் திருமணம் நடந்தது.

என் படம்தான் அவள் காலைக் கட்டியது என்றே நாற்பது வருடங்களாக எண்ணி வந்தேன். அந்தக் குற்ற உணர்வினால் நான் செய்த காரியம் என்ன தெரியுமா? அதன் பிறகு ஓடும் பெண் பிள்ளைகளைப் படமெடுப்பதையே விட்டுவிட்டேன். பெட்டியில் பத்து நறுக்குகளும் தேறாமல் போனதற்கு அதுவே காரணம். ஒரு பிழைக்குப் பரிகாரமாக அதைவிடப் பெரிய பிழையைச் செய்திருக்கின்றேன் என்பது, அந்த மாணவி தரையில் அமர்ந்து நறுக்குகளை எண்ணியபோதுதான் உறைத்தது.

தகப்பன் சொன்னதில் பாதியைத்தான் நான் கேட்டிருந்தேன் என்பதும் அப்போது விளங்கியது.

மாணவி சில ஆய்வுக் கட்டுரைகளை எனக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். பொழுது போகாமல் படிக்கத் தொடங்கினேன். அமெரிக்காவில் 1972இல் ‘டைட்டில் நைன்’ என்றொரு சட்டம் வந்தது. அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். சட்டத்தின் வாசகத்தில் விளையாட்டு என்ற சொல்லே இல்லை. ஆயினும் அது விளையாட்டு மைதானத்தைத்தான் முதலில் புரட்டிப் போட்டது. விவியன் அகோஸ்டா, லிண்டா கார்ப்பென்டர் என்ற புரூக்ளின் கல்லூரிப் பேராசிரியைகள் இருவர் 1977 முதல் முப்பத்தேழு வருடங்கள் இந்த மாற்றத்தைக் கணக்கெடுத்தார்கள். நாடெங்கும் உள்ள கல்லூரிகளுக்குக் கேள்விக்கொத்து அனுப்பி, வந்த பதில்களைக் கூட்டிக் கழித்தார்கள். எனக்கு அந்த இருவர்மீதும் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அவர்களின் கணக்கு சொல்வது இது. 1970இல் ஒரு கல்லூரிக்குச் சராசரியாக இரண்டரைப் பெண்கள் அணிகள் இருந்தன. 2014இல் அது 8.83. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் சட்டம் வந்த 1972இல் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றைப் பெண்களே பயிற்றுவித்தார்கள். 2014இல் அது 43.4 ஆகச் சரிந்துவிட்டது. ஆடும் பெண்கள் பல மடங்காகிய அதே காலத்தில் ஆட்டுவிக்கும் பெண்களின் பங்கு பாதிக்கும் கீழே போனது.

ஒலுவில்காரனுக்கு இது விளங்காத கணக்கன்று. அலைதடுப்பைக் கட்டினால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை அரியும்.

எப்படி அரித்தது? முன்னர் பெண்கள் அணியைப் பயிற்றுவிப்பது சம்பளம் இல்லாத, அல்லது பெயருக்குச் சம்பளம் உள்ள வேலை. டென்னசி பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்தாட்டப் பயிற்றுநர் பேட் சம்மிட் 1974இல் தமது இருபத்திரண்டாவது வயதில் அந்தப் பொறுப்பை ஏற்றபோது மாதச் சம்பளம் 250 டொலர். அணியின் வாகனத்தை அவரே ஓட்டினார். ஆட்டக்காரிகளின் சீருடைகளை அவரே துவைத்தார். முப்பத்தெட்டுப் பருவங்களில் 1,098 வெற்றிகளைக் கண்டு ஓய்வு பெற்றார். சட்டத்தின் பின்னர் பணம் வந்தது, அந்தஸ்து வந்தது. சீருடை துவைக்கும் வேலையாக இருந்தவரை எட்டிப் பார்க்காத ஆண்கள் விண்ணப்பத்தோடு வரிசையில் நின்றார்கள். ஆண்கள் பகுதியும் பெண்கள் பகுதியும் ஒன்றாக்கப்பட்டபோது தலைமை நாற்காலியில் பெரும்பாலும் ஆணே அமர்ந்தார். அவர் தமக்குத் தெரிந்தவர்களை நியமித்தார். ஆண்கள் அணிகளைப் பயிற்றுவிக்கும் கதவோ பெண்களுக்குத் திறக்கவில்லை. நூற்றுக்கு மூன்று, நான்கு என்பதைத் தாண்டவில்லை.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1993இல் நிறுவப்பட்ட டக்கர் மையம் என்ற ஆய்வு நிலையத்தில் நிக்கோல் லவோய் என்ற ஆய்வாளர் இந்தப் பணியைத் தொடர்ந்தார். பாடசாலைப் பிள்ளைகளுக்குப் புள்ளி அறிக்கை கொடுப்பது போலப் பல்கலைக்கழகங்களுக்கே அவர் தரம் போட்டார். பெண் பயிற்றுநர்களை எத்தனை பேர் வைத்திருக்கின்றீர்கள் என்பதற்குத் தரம். சித்தியடையாதவர்களின் பெயரும் வெளிவரும். ‘பெண்கள் விண்ணப்பிப்பதில்லை, குடும்பம் என்று போய்விடுகின்றார்கள்’ என்ற வழக்கமான சமாதானத்தை அவர் ஏற்பதில்லை. விண்ணப்பிக்காதவளைக் கேள்வி கேட்காமல் நியமிப்பவரைக் கேள்வி கேளுங்கள் என்பது அவருடைய நிலைப்பாடு.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று சிலர் கேட்பீர்கள். அவர்கள் இருந்ததை இழந்தார்கள். நான் போய்ப் பார்த்த எங்கள் மாவட்டத்துப் போட்டிகளில் இழப்பதற்கே ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பறையில் சுகாதாரமும் உடற்கல்வியும் கற்பிக்கும் ஆசிரியைகள் உண்டு. மைதானத்தில் விசிலை வாயில் வைத்துக்கொண்டு நிற்பவர் ஆண். ஆசிரியை ஓரத்தில் பிள்ளைகளின் கைப்பைகளைக் காத்துக்கொண்டு நிற்பார்.

ஆடையைப் பற்றித்தான் உலகம் ஓயாமல் பேசியது. 2011இல் ஈரான் பெண்கள் உதைபந்தாட்ட அணியை ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் ஆடவிடாமல் முக்காட்டைக் காட்டி நிறுத்தினார்கள். 2014இல்தான் சர்வதேச உதைபந்தாட்ட விதிகள் அதை முறையாக அனுமதித்தன. பில்கீஸ் அப்துல் காதிர் என்ற அமெரிக்க முஸ்லிம் பெண், உயர்நிலைப் பாடசாலையில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை எடுத்து மாசசூசெட்ஸ் மாநிலச் சாதனையை முறியடித்தவர். மெம்பிஸ் பல்கலைக்கழகத்துக்காகத் தலையை மறைத்துக்கொண்டே முதல்தரக் கல்லூரிக் கூடைப்பந்தாட்டம் ஆடினார். கல்லூரி விட்டது. பட்டம் பெற்று வெளியே வந்து தொழில்முறையில் ஆட நினைத்தபோது சர்வதேசச் சம்மேளனத்தின் விதி விடவில்லை. 2017இல் விதி மாறியபோது அவருடைய வயதின் நல்ல பருவம் கடந்து போயிருந்தது. இந்தப் பக்கம் ஊரார் முக்காடு விழுந்தது என்கின்றார்கள், அந்தப் பக்கம் சம்மேளனத்தார் முக்காடு இருக்கின்றது என்கின்றார்கள். இரண்டு பக்கத்தாரும் கூடி நிறுத்துவது ஓடுகின்ற ஒரு பிள்ளையைத்தான்.

மார்க்கத்தைக் காட்டி மறிப்போருக்கு ஒன்றை மட்டும் நினைவூட்டலாம். நபிகளார் (ஸல்) அவர்கள் ஆயிஷா நாயகி (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடியதும், முதல் முறை நாயகி முந்தியதும், பின்னொரு முறை நபிகளார் முந்தியதும் ஹதீஸ் நூல்களில் இருக்கின்றன. எங்கள் மௌலவிமார் அறியாததன்று. குத்பாவில் கேட்ட ஞாபகம்தான் எனக்கில்லை.

எங்களுக்கு வடக்கே வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். அங்கே படித்த யாழ்ப்பாணம் ஈவினைப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கத்தை அறியாதவர் இல்லை. ஆறடி பத்தங்குல உயரம். 2009, 2018, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இலங்கை ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்றபோது அணியில் இருந்தவர். உயரம் இறைவன் கொடுத்தது என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகின்றோம். உயரமான பெண் பிள்ளை ஊரில் கேலிக்கு அஞ்சிக் கூனி நடந்து வீட்டுக்குள் ஒடுங்கிப் போவதுதான் வழமை. ஒருவர் அவளைப் பார்த்து ‘நிமிர்ந்து நில், வலைக்குக் கீழே வா’ என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் ஆட்களை வைத்திருக்கின்றோமா என்பதே என் கேள்வி.

இது பதக்கக் கணக்கு மட்டுமன்று என்று எனக்குக் காட்டியது 2004 டிசெம்பர் 26. அந்த ஞாயிறு காலையில் இலங்கையில் மிகுதியான உயிர்களைக் கடல் கொண்டுபோனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில்தான். மறு வருடம் மார்ச் மாதம் ஒக்ஸ்ஃபாம் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தோனேசியா, இந்தியா, இலங்கை மூன்றிலும் ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாக இறந்திருப்பதை அது சுட்டிக்காட்டியது. தமிழ்நாட்டின் கடலூரில் அது ஏறக்குறைய மூன்று மடங்கு. காரணங்கள் பல. பிள்ளைகளைத் தேடி நின்றது, வீட்டுக்குள் இருந்தது, உடை காலைச் சுற்றியது. இவற்றோடு இலங்கையில் நீந்தவும் மரமேறவும் ஆண் பிள்ளைகளுக்கே பழக்கப்படுகின்றது என்பதும்.

2005 ஜனவரியில் செய்தி சேகரிக்க இடைத்தங்கல் முகாமொன்றுக்குப் போனேன். தண்ணீர்த் தாங்கியருகே நின்ற ஒரு பெண் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு வந்தார். இடுப்பில் மூன்று வயது மகன்.

“காக்கா, நீங்க படம் போட்ட புள்ள நான்தான்.”

என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டேன், எல்லோரிடமும் கேட்டது போல.

“ஓடின. இவனத் தூக்கிக்கிட்டு மெயின் ரோட்டு வரைக்கும் திரும்பிப் பாக்காம ஓடின. பக்கத்து வீட்டு உம்மாவும் குமருகள் ரெண்டு பேரும் எனக்குப் பின்னால வந்தாங்க. அவங்களுக்கு ஓட ஏலாமப் போச்சு.” சற்று நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அந்த ஓட்டத்துக்குப் பொறகு நான் ஓடினது கடல் வந்த அண்டைக்குத்தான், காக்கா.”

அன்று நான் அனுப்பிய செய்தியில் இது இல்லை. எந்தச் செய்தியிலும் இதை எழுதவில்லை. அதனால்தான் மாணவியிடம் தெரியாது என்று சொல்லிவிட்டேன் போலும்.

நான்காம் நாள் துறைமுக வீதியில் அவளை நிறுத்தி உண்மையைச் சொன்னேன். கோபிப்பாள் என்று எண்ணினேன். “எப்ப சேர் போவம்?” என்றாள்.

முன்கூட்டியே ஆளனுப்பிக் கேட்டுவிட்டுத்தான் போனோம். அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கின்றார்கள். முழங்கால் வருத்தம் என்றார். தகப்பன் மௌத்தாகிப் பல வருடங்கள். நறுக்கை மாணவி நீட்டியபோது அதைக் கையில் வாங்காமல் தூரத்தில் வைத்தே பார்த்தார். பிறகு வாங்கிக்கொண்டு கண்ணருகே கொண்டுபோனார். நான் மன்னிப்புப் போல ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவர் அதை முடிக்க விடவில்லை.

“படத்தால இல்ல காக்கா. படத்த வாப்பா கிழிக்கல்ல. மௌத்தாகிற வரைக்கும் அலுமாரியில வெச்சிருந்தவரு. அண்டைக்குக் கூடப் போக ஒரு டீச்சர் இருந்திருந்தா விட்டிருப்பாரு. எனக்கு அது தெரியும்.”

இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுதுங்கள், பேரும் படமும் வேண்டாம் என்றார். கெமரா இல்லாமல்தான் போயிருந்தேன். கைத்தொலைபேசியும் பையை விட்டு வெளியே வரவில்லை.

பிறகு பெண்கள் உள்ளே போய்விட்டார்கள். நானும் அவருடைய கணவரும் விறாந்தையில் அமர்ந்து தேநீர் குடித்தோம். அவர் துறைமுகத்தில் படகு வைத்திருந்தவர். வாயில் மணலை அள்ளாத அதிகாரிகளை நெடுநேரம் திட்டினார். நானும் சேர்ந்து திட்டினேன். பின்முற்றத்தில் இருந்து குரல் கேட்டது.

“தொடக்கத்துல தலையத் தூக்காத புள்ள. அவசரப்பட்டுத்தானே நிமிருறா. இன்னொருக்கா குனி.”

மண்ணில் கால்கள் உதைக்கும் சத்தம். சிரிப்பு. மீண்டும் அதே குரல், மீண்டும் அதே சத்தம்.

“என்ன நடக்குது அங்க?” என்று கணவர் உட்பக்கம் திரும்பினார். போய்ப் பார்க்க எழுந்தவர், ஏனோ மறுபடியும் அமர்ந்துவிட்டார்.

புறப்படும்போது மாணவி வாசலில் நின்று சப்பாத்தை மாட்டிக்கொண்டே கேட்டாள்: “அடுத்த வெள்ளிக்கிழமையும் வரட்டா மாமி?”

“வெள்ளி ஏலா, ஜும்ஆவுக்கு ஆக்கோணும். சனிக்கிழம விடியக்குள்ள வா. மத்தப் புள்ளகளையும் கூட்டிக்கிட்டு வா.”